ஐம்பதில் வளையுமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. நல்லொழுக்கத்தைப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே பழக்க வேண்டும் என்று பெற்றோரை எச்சரிக்கப் பிறந்த மொழி அது. ஆனால் நடைமுறையில் பிள்ளைகளுக்காக அதனைச் சொல்வதைக் காட்டிலும், நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் மிகுதி. நாற்பது வயதில் வீணை பயில ஆசை எழுந்தால் இப்பழமொழி நினைவுக்கு வருகிறது. ஐம்பதில் தூரிகையைக் கையில் எடுக்க விரும்பினால் மீண்டும் வருகிறது. அறுபதில் நீந்தக் கற்க எண்ணினால், உறவினர் ஒருவர் வாய்வழியாகவே வந்து விடுகிறது. பார்ப்பதற்கு அது ஒரு வினாவாகத் தோன்றுகிறது. எனினும் ‘வளையாது’ என்னும் விடையைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டுதான் வருகிறது. அவ்விடை சரிதானா என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

இக்கேள்வி எல்லார்க்கும் பொதுவானதே. ஆயினும், பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. சொந்த ஊரில் ஒருவன் பலவகையாலும் அறியப்படுகிறான். இன்னார் மகன், இன்ன தெருவினன், தேரோட்டத்தில் வடம் பிடிப்பவன், மாலையில் ஆற்றங்கரை மண்டபத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசுபவன் என்று அவனுக்கு எத்தனையோ அடையாளங்கள். வெளியூரிலோ அவனுக்கு எஞ்சுவது ஒரே அடையாளம். அவன் செய்யும் தொழிலே அது. அலுவலகம் உள்ளவரை அந்த ஒன்றே போதுமானதாக இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் உண்மை தெரிகிறது. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த நகரம் திடீரென்று அந்நியமாகத் தோன்றுகிறது. செல்லுவதற்கு ஓர் இடமில்லை. நம்மை எதிர்பார்த்திருப்பார் எவருமில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்றாலோ, அங்கே நாம் அறிந்திருந்தவர்களும் இல்லை. இத்துயரைப் பலர் வாழ்வில் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, பொழுதுபோக்கு என்பதை வேலையற்றோரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. நாம் குடியேறிய ஊரில் நமக்கென வேரூன்றிக்கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்று.

எடுத்துக்காட்டுக்குத் திருவனந்தபுரத்தையே பார்ப்போம். தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நகரம் அது. சாலைக் கடைவீதியிலும், கோட்டைப் பகுதியிலும், கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. அதுவரை தம் மாநிலத்தின் தலைநகரில் பணிபுரிந்துவந்த நாஞ்சில் நாட்டார், அன்று முதல் பிறமாநிலத்தில் பணிபுரிபவர் ஆயினர். அவர்கள் இருக்கும் வீடும் மாறவில்லை, அலுவலகமும் மாறவில்லை. மாநிலம் மட்டும் மாறிவிட்டது.

இந்நகரத்தில் வாழ்ந்த தமிழறிஞர் சிலரின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பிழைப்புக்கு ஒரு தொழிலும், உள்ளத்துக்கு வேறொரு துறையும் கொண்டவர்கள் அவர்கள். ‘மனோன்மணீயம்’ இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய நாடகம் 1891-இல் வெளிவந்தது. அத்துடன் அவர் நிற்கவில்லை. கோயில்களில் கிடந்த பழங்கல்வெட்டுகளில் அவர் மனம் சென்றது. அவற்றைத் தேடிப் படித்து, பண்டைத் திருவிதாங்கூர் அரசர்களைப் பற்றி 1894-இல் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். தத்துவம் கற்பிப்பவருக்குக் கல்வெட்டு எதற்கு என்று அவரை யாரும் கேட்டிருக்கலாம். கல்லின்மீது எண்ணெயும் தூசியும் படிந்து மங்கிய எழுத்துகளுக்கு முன்னால் பேராசிரியர் என்னும் பட்டம் பயன்படாது. அங்கே எவரும் எழுத்துக்கூட்டியே தொடங்க வேண்டும். 1897-இல் தம் 42-ஆம் வயதில் அவர் காலமானார். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திப் போட்டிருந்தால், அந்த ஆராய்ச்சி அவர் கையால் நமக்குக் கிடைத்திராது.

திருவிதாங்கூர்க் காவல் துறையில் பணியாற்றிய கே. என். சிவராஜ பிள்ளை பின்னாளில் சங்க காலத்தை ஆராயும் அறிஞரானார். பண்டைத் தமிழரின் கால வரிசை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிவந்தது. எஸ். வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். நீதிமன்றத்துக்குப் புறம்பே வளர்த்துக்கொண்ட தமிழாராய்ச்சியே, 1926-இல் அவரைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆக்கியது. அரசுப் பணியில் இருந்துகொண்டே தமிழ்க் கீர்த்தனைகள் பல இயற்றிய தி. இலட்சுமணப் பிள்ளையும் இந்நகரத்தவரே.

இவர்கள் பெரியோர்கள், நாமோ எளியோர் அன்றோ என்று நேயர்கள் எண்ணலாம். நாம் இங்கே நோக்க வேண்டுவது அவர்கள் எய்திய உயரத்தையன்று. தொழில் வேறு, தாம் வேறு என்று அவர்கள் பிரித்தறிந்திருந்தனர். தொழிலுக்கு அப்பால் தமக்கென ஒரு சிறு நிலத்தை வைத்திருந்தனர். அந்நிலம் எவ்வளவு பெரியது என்பது வேறு செய்தி.

இனி, நம்மைத் தடுப்பது யாது என்பதைப் பார்ப்போம். கேட்டால் நாம் மூன்று காரணம் கூறுகிறோம். நேரமில்லை என்கிறோம், பணமில்லை என்கிறோம், வயதாகிவிட்டது என்கிறோம். இம்மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நேரமும் பணமும் உள்ளவர்களும் தொடங்குவதில்லை என்பதைப் பார்க்கும்போது, இவற்றுக்குப் பின்னால் நான்காவது காரணம் ஒன்று ஒளிந்திருப்பது தெரிகிறது. அது நாணம். தெரியாதவனாகப் பிறர் கண்ணில் படுவதற்கு நாம் நாணுகிறோம்.

அலுவலகத்தில் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நாம் கையெழுத்திட்டால் கோப்பு நகர்கிறது. வீட்டில் பிள்ளைகள் நம்மைக் கேட்டே செய்கிறார்கள். இப்படி நாற்பது ஐம்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஈட்டிய மதிப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பத்து வயதுச் சிறுமிகளுக்கு நடுவே பாயில் அமர்ந்து, சரளி வரிசையைத் தப்பும் தவறுமாகப் பாட வேண்டும் என்றால் மனம் கூசுகிறது. அச்சிறுமிகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதை நாம் ஒரு மாதம் கற்கிறோம். அவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டால் அன்றே நம் சங்கீதம் முடிந்தது! குழந்தைக்குத் தெரியாமை இயல்பு. அதற்காக அதனை யாரும் குறை கூறுவதில்லை. வளர்ந்தவர்க்கோ தெரியாமை ஒரு குற்றம்போலத் தோன்றுகிறது. ஆகவே, புதியதொன்றைத் தொடங்கத் திறமைக்கு முன்னதாகத் துணிவு வேண்டும். கற்றுக்குட்டியாக இருப்பதற்கான துணிவு அது.

இத்துணிவுக்குக் கேரளம் அண்மையில் ஓர் அரிய எடுத்துக்காட்டைத் தந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 2018-இல் ‘அட்சரலட்சம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கேரளம் 1991-ஆம் ஆண்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் எழுத்தறியாதோர் சிலர் எஞ்சியே இருந்தனர். அவர்களைத் தேடிச் சென்று கற்பிப்பதே இத்திட்டத்தின் நோக்கம். ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 96. வாழ்நாள் முழுவதும் துப்புரவு வேலை செய்து பிழைத்தவர் அவர்; பள்ளியில் பயிலும் வாய்ப்பே பெறாதவர். தம் மகள் வயது முதிர்ந்தபின் படித்துத் தேர்வு எழுதியதைக் கண்டு அவருக்கும் ஆசை எழுந்தது. வீட்டில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுள் அவருடைய பேரப்பிள்ளைகளின் குழந்தைகளும் உண்டு. தேர்வில் அவர் பெற்றது 100-க்கு 98 மதிப்பெண். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள், மகளிர் நாளன்று, குடியரசுத் தலைவரிடம் ‘நாரி சக்தி’ விருது பெற்றார். 2023-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்தார்.

கொல்லம் மாவட்டத்துப் பாகீரதி அம்மாவின் கதையும் இத்தகையதே. சிறுவயதில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்தவர், 105-ஆம் வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதினார். தள்ளாமையால் மெல்ல மெல்லவே எழுத முடிந்தது. மூன்று தாள்களையும் முடிக்க அவருக்கு மூன்று நாட்கள் ஆயின. 275-க்கு 205 மதிப்பெண் பெற்றார். 2020 பிப்ரவரியில் பிரதமரின் வானொலி உரையில் அவர் பெயர் நாடெங்கும் ஒலித்தது. மறு ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

இவ்விருவரின் வயதையும் மதிப்பெண்ணையும் கண்டு நாம் வியக்கிறோம். ஆனால் நமக்குப் பாடமாக அமைவது வேறொன்று. தம் பேரனின் பிள்ளை ‘இப்படி எழுதக் கூடாது’ என்று திருத்தும்போது, மூதாட்டி ஒருவர் மனம் சுளிக்காமல் அதனை ஏற்றுக்கொண்டு மீண்டும் எழுதினாரே, அதுவே பெரிது. எழுத்தறிவு பொழுதுபோக்கு அன்று. அது அவர்கள் உரிமை, நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை. எனினும் கற்றுக்குட்டியாக இருக்கும் துணிவு எங்கும் ஒன்றுதான்.

மூளையே ஒத்துழைக்காதே என்று சிலர் அறிவியலைத் துணைக்கு அழைக்கக்கூடும். அறிவியல் என்ன சொல்லுகிறது? ஜெர்மனி நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. மூன்று பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கும் வித்தையை இளைஞர் சிலருக்கு மூன்று மாதம் பழக்கினர். பழக்கத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டனர். அசைவுகளைக் கண்டறியும் மூளைப் பகுதி சற்றே பருத்திருக்கக் கண்டனர். பின்னர், 2008-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஏறத்தாழ 60 வயதினர்க்கு இதே வித்தையைப் பழக்கினர். கற்றுத் தேறிய முதியோரின் மூளையிலும் அத்தகைய மாற்றம் தெரிந்தது. ஆனால் இளைஞர்களைப்போல் எல்லாரும் தேறிவிடவில்லை. ஒரு நிமிட நேரம் பந்து விழாமல் பிடிக்க வல்லவரானோர் முதியோருள் சிலரே. இன்னொரு செய்தியும் உண்டு. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் ஆனதும், பருத்த பகுதி இளைஞர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே மீண்டும் சுருங்கத் தொடங்கியது.

இதனால் நாம் அறிவது மூன்று. முதுமையிலும் மூளை புதியதை ஏற்கிறது. இளமையைவிட மெல்ல ஏற்கிறது. விட்டுவிட்டால் எந்த வயதிலும் மறக்கிறது. ஆகவே, ஐம்பதில் வளையவே வளையாது என்பதும் பொய். ஐந்தில் வளைந்ததுபோலவே வளையும் என்பதும் பொய்.

இந்த இடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறினால் தவறாகாது. திருவனந்தபுரத்தில் பறவைகளைப் பார்த்துப் பழகும் வழக்கம் நெடுநாளாக உண்டு. சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை முறையாக ஆராய்ந்தார். ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய கே. கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்னும் புனைபெயரில் கேரளத்துப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதிய நூல் 1958-இல் வெளிவந்தது. தொழில் இலக்கியம், உள்ளம் பறவைகளிடத்து! அந்நூல் பலரைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இழுத்துச் சென்றது. 2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் கேரளம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு பறவைகளைக் கணக்கெடுத்தனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் பதிவுகளும் 361 இனங்களும் கொண்ட தொகுப்பு அதனால் உருவாயிற்று. ஒரு மாநிலம் முழுமைக்கும் இத்தகைய பறவை வரைபடம் இந்தியாவில் உருவானது அதுவே முதன்முறை. அதற்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்காகவே பறவைகளைப் பார்ப்பவர்கள்.

இதையெல்லாம் கேள்வியுற்று, நாமும் ஒரு நாள் விடியற்காலையில் இரவல் தொலைநோக்கி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயற்பகுதிக்குச் சென்றோம். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தனர். பெரும்பாலோர் நம் வயதில் பாதி இருப்பார்கள். நாணற் புதரின் ஓரத்தில் செந்நிற அலகுடன் ஒரு பறவை வெளிப்பட்டது. ஊர்க் குளத்தில் இளமையில் கண்ட நினைவில், ‘நீர்க்கோழி’ என்று நாம் சற்று உரக்கவே கூறிவிட்டோம். அருகில் நின்ற பள்ளிச் சிறுவன் ஒருவன் பணிவாகத்தான் சொன்னான்: ‘இல்லை மாமா, அது நீலக்கோழி. காலைப் பாருங்கள், சிவப்பு. நீர்க்கோழிக்குக் கால் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும்.’ எல்லாரும் நம்மையே பார்ப்பதுபோல் இருந்தது. காது மடல் சூடாயிற்று. ஏதேனும் வேலை இருப்பதாகச் சொல்லித் திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

உண்மையில் எவரும் நம்மைப் பார்க்கவில்லை. அனைவருடைய கண்ணும் பறவைமேல் இருந்தது. அதை உணரச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு அச்சிறுவனிடமே சென்று, ‘தம்பி, வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டோம். அவன் முகம் மலர்ந்தது. நிறத்தைப் பார்ப்பதற்கு முன் உருவத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அலகு, பிறகு கால், பிறகு நடை என்று அவன் வரிசைப்படுத்திச் சொன்னான். தாமரை இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடந்த தாமரைக்கோழியைக் காட்டினான். திரும்பி வரும்போது நம் குறிப்பேட்டில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதும் நூறாக ஆண்டுகள் பல ஆகும். ஆகட்டுமே!

அக்குறிப்பேடு வேறோர் இன்பத்தையும் தந்தது. நாம் தவிட்டுக்குருவி என்பதை மலையாளத்தார் கரியிலக்கிளி என்கின்றனர். ‘கரியில’ என்பது காய்ந்த இலை. நம்மவர் அப்பறவையின் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். அவர்களோ அது சருகுகளைக் கிளறி இரை தேடும் செயலைப் பார்த்துப் பெயரிட்டனர். நம் வண்ணாத்திக்குருவி அங்கே வண்ணாத்திப்புள்ளு. பறவையைக் குறிக்கும் ‘புள்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை நாம் ஏட்டில் மட்டும் காண்கிறோம். அவர்கள் வாயில் அது நாள்தோறும் வழங்குகிறது. இத்தனை ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தும் காதில் விழாத சொற்கள், ஒரு விடியற்காலையில் விழுந்தன. கடைத்தெரு மலையாளமும் அலுவலக மலையாளமும் மட்டுமே அறிந்திருந்த நாம், அன்றுதான் அந்த மண்ணின் மொழியில் சிறிது கால் வைத்தோம். அந்த ஊர் நமக்கு அளித்தது வேலை மட்டுமன்று என்பதும் அன்றுதான் விளங்கிற்று.

இனி, தொடங்க விரும்பும் நேயர்களுக்குச் சில சொல்லுவோம். முதலாவது, சிறியதாகத் தொடங்குதல் வேண்டும். வீணையை விலை கொடுத்து வாங்கி வைத்துவிட்டால் பயிற்சி தானே வந்துவிடாது. மூலையில் உறையிட்டு நிற்கும் வீணை நாள்தோறும் நம்மைக் குற்றம் சாட்டும். இரவல் கருவியில், கிழமைக்கு ஒரு நாள் என்று தொடங்கி, பிறகு வாங்குவதே முறை. பறவை பார்க்கத் தொலைநோக்கிகூட உடனே வேண்டுவதில்லை. திருவனந்தபுரம் அருங்காட்சியகத் தோட்டத்தைப் போன்ற மரச்சோலை எந்தப் பெருநகரிலும் ஒன்று இருக்கும். அங்கே வெறுங்கண்ணுக்கே பத்துப் பன்னிரண்டு இனங்கள் தென்படும்.

இரண்டாவது, முதல் நிமிடத்திலேயே ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிடுதல் வேண்டும். தெரிந்ததுபோல் நடித்துக்கொண்டு சென்றால் ஒவ்வொரு தவறும் அவமானமாகும். தெரியாது என்று சொல்லிவிட்டவனுக்கு ஒவ்வொரு தவறும் ஒரு பாடமாகும். கற்பிப்பவர் நம்மினும் இளையவர் என்பதற்காக வருந்த வேண்டுவதில்லை. வயதில் மூத்தவர் கேட்டறிவதைக் கண்டு இளையோர் ஏளனம் செய்வது அரிது. பெரும்பாலும் அவர்கள் பெருமிதமே கொள்கின்றனர்.

மூன்றாவது, மூன்று மாதம் கழியும்வரை நம் திறமையை நாமே மதிப்பிடுதல் கூடாது. முன்னே சொன்ன ஆராய்ச்சியில் மாற்றம் தெரிய ஆன காலமும் அதுவே. முதல் மாதத்தில் நாம் காண்பது நம் தவறுகளையே. அதைக் கொண்டு ‘எனக்கு இது வராது’ என்று தீர்ப்பு எழுதுவது, நாற்று நட்ட மறுவாரமே களத்துமேட்டில் நெல்லைத் தேடுவது போலாகும். மூன்று மாதம் முயன்றும் மனம் பொருந்தவில்லையாயின், தயங்காமல் வேறொன்றை நாடலாம்; அதில் இழுக்கு ஏதுமில்லை. பொழுதுபோக்கு நாம் விரும்பிச் செய்வதேயன்றிக் கடமை அன்று.

நான்காவதாகச் சொல்ல வேண்டுவது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு. ஆண்மகன் மாலையில் எழுந்து வெளியே செல்ல யாரையும் கேட்க வேண்டுவதில்லை. பெண்களுக்கோ வீட்டு வேலை முடிந்த பின்பு என்று ஒரு நேரம் வருவதே இல்லை. வெளிமாநிலத்தில் தாயும் மாமியாரும் அருகில் இல்லாதபோது அச்சுமை இரட்டிக்கிறது. ஐம்பது வயதில் ஒரு பெண் கோலத்தையோ கர்நாடக இசையையோ மலையாள எழுத்தையோ முறையாகக் கற்க விரும்பினால், அவளுக்குத் துணிவு மட்டும் போதாது. நாளுக்கு ஒரு மணி நேரத்தை அவளுக்கென்று ஒதுக்கித் தரும் குடும்பமும் வேண்டும். ‘இந்த வயதில் உனக்கு எதற்கு?’ என்னும் ஒரு சொல் எத்தனை ஆசைகளை முளையிலேயே கிள்ளியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. அச்சொல்லை நாம் சொல்லாதிருந்தாலே பாதி உதவி செய்தவர்களாவோம்.

இறுதியாக ஒன்று. வெளியூரில் குடியேறியவர்களாகிய நாம் கற்றுக்குட்டிகளாக இருப்பதற்குப் புதியவர்கள் அல்லர். முதன்முதலில் அந்த ஊரில் இரயிலை விட்டு இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன விலை விளங்கவில்லை. புளியைக் கேட்டு வேறொன்றை வாங்கி வந்திருப்போம். நாம் பேசிய மலையாளத்தையோ, கன்னடத்தையோ, இந்தியையோ கேட்டுச் சுற்றி நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு மறுநாளும் கடைக்குப் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் போனோம். அவ்வாறே ஓர் ஊரையும் ஒரு மொழியையும் கற்றோம். வயிற்றின் பொருட்டு அன்று காட்டிய துணிவை, உள்ளத்தின் பொருட்டு இன்னொருமுறை காட்டலாகாதா?

பழமொழிக்கே மீண்டும் வருவோம். இளம் மூங்கில் கையாலேயே வளையும் என்பது உண்மை. முற்றிய மூங்கில் அவ்வாறு வளையாது என்பதும் உண்மை. ஆனால் கூடையும் நாற்காலியும் முடையும் கைவினைஞரிடம் சென்று பாருங்கள். முற்றிய மூங்கிலையும் பிரம்பையும் அவர் அனலில் வாட்டுகிறார். பதம் பார்த்துச் சிறிது சிறிதாக வளைக்கிறார். ஆறும்வரை அசையாமல் பிடித்திருக்கிறார். அவசரப்பட்டால் அது முறிந்துவிடும் என்பதை அவர் அறிவார். அவ்வாறு வளைந்த பிரம்பின்மேல் ஒருவர் நம்பி அமரலாம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிப் பாருங்கள். பல்லாண்டுகளாக மனத்தில் கிடக்கும் ஆசை எதுவோ, அதைக் கற்பிப்பவர் வாசல்வரை நடந்து சென்று கதவைத் தட்டுங்கள். திறப்பவர் சிறுவனாக இருந்தாலும், ‘எனக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவ்வளவு சொல்லிவிட்டால் கடினமான பகுதி முடிந்துவிட்டது.